ஆத்துல போட்டாலும் அளந்து போடு

வா தம்பி, வா. திண்ணையில உக்காரு. கழுத்துல தொங்குற அந்த அட்டைய இப்பிடித் திருப்பு, பாப்போம். ‘ஜூனியர் என்விரான்மென்ட்டல் கெமிஸ்ட்.’ அடேங்கப்பா! படிச்சு முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது. ஃபேஸ்புக்குல போட்டோவும் பாத்தேன். வெள்ளக்கோட்டு, பெரிய கண்ணாடி, கையில கூம்புக் குடுவை, அதுக்குள்ள ஊதாக் கலர்ல ஏதோ ஒண்ணு. மொகத்துல அப்பிடியொரு யோசனை. நோபல் பரிசுக்காரங்க இன்னும் போன் பண்ணலையா?

கோவிச்சுக்காத. கெழவன் வாய் சும்மா கெடக்காது. சரி, வேலை என்னான்னு நீயே சொல்லு. கருக்கல்ல எந்திரிச்சு ஐஸ்பெட்டியத் தூக்கணும். ஆத்துல எறங்கி பாட்டில அமுக்கணும். லேபிள் ஒட்டணும். திரும்பி வந்து சொட்டுச் சொட்டா மருந்து விட்டுக் கலர் மாறுதான்னு முழிச்சுப் பாக்கணும். சாயங்காலம் கம்ப்யூட்டர் கட்டத்துல நம்பர ரொப்பணும். இதுக்கு ‘டேட்டா மேனேஜ்மென்ட்’னு பேரு. அதச் சொல்லித் தர பெங்களூர்லேருந்து ஒருத்தர் வந்தாராமே? மொத நாள் முழுக்க ‘டேட்டான்னா என்ன’ன்னு படம் போட்டுக் காட்டினாராமே?

யாருக்கு? தஞ்சாவூர்க்காரனுக்கு!

தம்பி, காலையில எந்த டீக்கடை வாசல்ல வேணாலும் போயி நில்லு. மொதக் கேள்வி என்ன? ‘மேட்டூர் எவ்வளவு?’ அணைக்கு முழு மட்டம் 120 அடி, முழுசா நின்னா 93.47 டி.எம்.சி. அது எங்க ஊருல மாடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். நீர்மட்டம் இவ்வளவு, வரத்து இத்தனை கன அடி, தெறப்பு இத்தனை கன அடி. கண்ணாடியில்லாத கெழவனும் அடுத்தவனப் படிக்கச் சொல்லிக் கேப்பான். நேத்தி நம்பரையும் இன்னைக்கி நம்பரையும் கழிச்சுப் பாத்துட்டு, நாத்தங்கால் உழலாமா, இன்னும் நாலு நாள் பொறுக்கலாமான்னு அங்கயே முடிவு எடுப்பான். கம்ப்யூட்டரும் இல்ல, கட்டமும் இல்ல. குறுவையா சம்பாவான்னு தீர்மானிக்கிறது அந்த நம்பரு.

நான் யாருன்னு கேக்கறியா? பி.டபிள்யூ.டி.ல லஸ்கரா இருந்தவன். மதகடி தான் ஆபீசு. ஷட்டர ஏத்துறது, எறக்குறது, சுவத்துல பெயின்ட் அடிச்ச அளவுகோலப் பாத்து நோட்டுல எழுதுறது. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. வெள்ளம் வந்துட்டா மணிக்கொரு தடவ, ராத்திரி முழுக்க, டார்ச்சு அடிச்சு. ரிட்டயரானப்பறம் வீட்டுல சோறு செரிக்கல. ஒரு தண்ணி டெஸ்ட் பண்ற லேபுல வாட்ச்மேனாப் போனேன். வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து உன்ன மாதிரி எத்தினியோ சின்னப் புள்ளைங்க பேசுறதக் கேட்டவன். அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

நம்பரு பெருசா, நம்பர எழுதுறவன் பெருசா? காவேரி வழக்கையே எடுத்துக்க. 2007ல நடுவர் மன்றம் பில்லிகுண்டுலுவுல 192 டி.எம்.சி. வரணும்னுச்சு. 2018 பிப்ரவரி 16ல சுப்ரீம் கோர்ட்டு அத 177.25 ஆக்குச்சு. அந்தக் கால் டி.எம்.சி.யப் பாத்தியா? 25 கோடி கன அடி. ரெண்டு மாநிலமும் பெரிய பெரிய வக்கீல வச்சு வாதாடி முடிஞ்சதும், கடைசியில எங்க போயி நிக்குது? பில்லிகுண்டுலுவுல மத்திய நீர் ஆணையத்தோட அளவு நிலையத்துல. அங்க மட்டத்தப் பாத்து எழுதுற ஆளு ஒருத்தன் இருப்பான்ல? அவனுக்கு விசிட்டிங் கார்டு இருக்கோ இல்லியோ. ஆனா அவன் மரத்தடியில படுத்துக்கிட்டு ஒரு நம்பர எழுதுனா, நம்ம கடைமடைக்காரன் சட்டியில சோறு கொறையும்.

மரத்தடி ரீடிங்குன்னு எங்க ஆளுங்க சொல்லுவோம். மதகு வரைக்கும் நடக்கச் சோம்பல். நேத்தி 4 அடி இருந்துச்சு, இன்னைக்கும் 4 தான இருக்கும்? எழுது. உங்க லேபுல இது இல்லன்னு சொல்லிடுவியா?

இருக்கு. ஏசி ரூமுல இருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம். பத்து எடம் போகணும், ஏழோட வெயில் ஏறிடுது. மிச்சம் மூணு எடத்துக்குப் போன மாசக் கணக்கப் பாத்து லேசாத் தட்டிவிடறது. பி.எச். 7.4ஐ 7.3 ஆக்கு, 7.5 ஆக்கு. யாரு கண்டா? நான் கண்டேன் தம்பி. நோட்டத் தொட்டாலே தெரியும். மெய்யா ஆத்தங்கரையில எழுதுன நோட்டுல சேறு ஒட்டியிருக்கும். மழை பட்டு மை பரவியிருக்கும். ஒரு பக்கம் கையெழுத்து நேரா இருக்கும், ஒரு பக்கம் கோணியிருக்கும். மொத்தமா உக்காந்து எழுதுன நோட்டு கல்யாணப் பத்திரிகையாட்டம் பளபளன்னு இருக்கும். எல்லாம் ஒரே பேனா, ஒரே அழகு. அழகான நோட்டப் பாத்தா எங்க அசிஸ்டென்ட் எஞ்சினியர் மொதல்ல மூக்கச் சுழிப்பாரு.

கம்ப்யூட்டர்ல சேறு ஒட்டாதேன்னு நெனைக்காத. அங்கயும் புடிக்கலாம், நம்பருக்கு நம்பர் சாட்சி இருக்கு. மின்கடத்துத் திறன் 1000 இருந்தா, கரைஞ்ச உப்பு 550க்கும் 700க்கும் நடுவுல எங்கயாவது தான் பெரும்பாலும் நிக்கும். நீ 1400னு எழுதியிருந்தா எங்கயோ கோளாறு. நேர்மின் அயனியோட மின்னூட்டத்தக் கூட்டு, எதிர்மின் அயனியோட மின்னூட்டத்தக் கூட்டு. ரெண்டும் கிட்டத்தட்டச் சமமா வரணும். தண்ணி பொய் சொல்லாது, ரெண்டு கணக்கும் அதுக்கு ஒண்ணு தான். மலக் கோலிஃபார்ம் மொத்தக் கோலிஃபார்ம விட எப்பிடிக் கூடும்? கூடியிருக்குன்னு ஒருத்தன் எழுதி, மேல ஒருத்தர் கையெழுத்தும் போட்டு, ரிப்போர்ட் வெளிய போயிருச்சு. அத வாங்குனவரும் ஃபைல்ல வச்சுட்டாரு. மூணு பேரும் படிச்சவங்க.

இப்பக் குளத்துத் தண்ணிய எடுத்துக்க. ஒரு நாள் கரைஞ்ச ஆக்சிஜன் 12ன்னு வந்துச்சு. ஒரு பொண்ணு பயந்துபோயி மிஷினு கெட்டுப்போச்சுன்னுச்சு. 27 டிகிரி வெப்பநிலையில நல்ல தண்ணி புடிச்சு வச்சுக்கறதே லிட்டருக்கு 8 மில்லிகிராம் தான், எப்பிடி 12 வரும்னு கேட்டுச்சு. ஞாயமான கேள்வி. ‘எத்தினி மணிக்கு எடுத்த?’ன்னேன். மத்தியானம் மூணு மணியாம். பச்சப் பசேல்னு பாசி படிஞ்ச குளம். வெயில்ல பாசி காத்த ஊதித் தள்ளிக்கிட்டு இருக்கும்மா, அதான் 12. அதே குளத்துக்கு விடியக்காலம் போயிப் பாரு, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்கும். ராத்திரி முழுக்க அந்தப் பாசியே காத்தத் தின்னுடும். அந்தப் பொண்ணு மறுநாள் விடியக்காலம் போயி அளந்துச்சு. மிஷினு நல்லாத் தான் இருந்துச்சு. சாம்பிள் எடுத்த நேரத்த எழுதாம விட்டிருந்தா ஒரு நல்ல மிஷினக் கெட்டதுன்னு ஒதுக்கியிருப்பாங்க.

நேரம், எடம், யாரு எடுத்தது. இந்த மூணும் இல்லாத நம்பரு அனாதை தம்பி.

எடம்னதும் ஒடனே செல்லத் தூக்கிக் காட்டாத. தெரியும். போட்டோ எடுத்தா அடியில அட்சரேகை தீர்க்கரேகையெல்லாம் தானா வந்து உக்காருது. நல்லது தான். ஆனா மரத்தடியில நின்னா அது நாலஞ்சு மீட்டரு தள்ளியும் காட்டும். எங்க தெருவுல பஞ்சாயத்துக் கைப்பம்பும், பக்கத்து வீட்டு போரும் அவ்வளவு தூரத்துல தான் இருக்கு. ஒண்ணு 60 அடி, இன்னொண்ணு 200 அடி. ஒண்ணு உப்பு, ஒண்ணு தித்திப்பு. செல்லுக்கு ரெண்டும் ஒண்ணு. ‘புள்ளையார் கோயிலுக்கு வடக்கால, வேப்பமரத்தடிக் கைப்பம்பு’ன்னு ஒரு வரி எழுதினா என்ன கொறஞ்சு போச்சு?

இன்னொரு கூத்து. நம்ம திருவையாறு இருக்கே, தமிழ்ல ஒரே ஊரு. இங்கிலீஷ்ல எழுதறப்ப ஒருத்தன் ‘எச்’ போடுறான், ஒருத்தன் போடல. ஒருத்தன் கடைசியில ‘யு’வ ரெண்டு தடவ போடுறான். கம்ப்யூட்டரு பாவம், அதுக்குத் தியாகராஜர் உற்சவமா தெரியும்? நாலு ஊருன்னு எண்ணிக்கிட்டு நாலு கோடு போட்டுக் காட்டுது. மேனேஜரு அந்தப் படத்தப் பாத்துட்டு, ‘இந்த ஊர்ல ஏன் மூணு மாசமா சாம்பிள் எடுக்கல?’ன்னு சத்தம் போடுறாரு. எந்த ஊர்ல சார்? இருக்கறதே ஒரு ஊரு!

அத விடு. தேதி இருக்கே, அது பெரிய திருடன். மேட்டூர் தெறக்கிறது ஜூன் 12ன்னு வழக்கம். நீ நம்ம ஊர் முறையில 12/06னு அடிக்கிற. ஒன் கம்ப்யூட்டர எவனோ அமெரிக்காக்காரன் முறையில வச்சிருக்கான். அது டிசம்பர் 6ன்னு படிச்சுக்கும். ஜூன் பன்னெண்டுல ஆத்துல என்ன இருக்கும்? மணலு. அங்கங்க குட்டை. டவுன் சாக்கடை வந்து சேர்ந்த கறுப்புத் தண்ணி. டிசம்பர் ஆறுல? வடகிழக்கு மழை கொட்டி, ஆறு செவப்பா ரெண்டு கரையும் நெறஞ்சு போகும். கோடைக் குட்டைத் தண்ணிய எடுத்து மழைக்கால வெள்ளத்துல ஊத்திட்ட, ஒரு சாய்கோட்டுல. அதுலயும் பாரு, 12ந் தேதி வரைக்கும் சத்தமில்லாம மாத்திப் படிக்கும். 13/06 வந்தா பதிமூணாவது மாசம் ஏதுன்னு முழிச்சு, வெறும் எழுத்துன்னு விட்டுடும். பாதி பொய், பாதி ஊமை. மாசத்த எழுத்துல எழுது. இல்லாட்டி வருசம், மாசம், நாளுன்னு வரிசையா எழுது. சாம்பிள் நம்பர 3-5ன்னு போடாத, அதையும் தேதி ஆக்கிப்புடும். இதுக்கெல்லாம் பெங்களூர்க்காரர் ஒரு படம் கூடப் போடலையாமே?

புள்ளிக்கப்பறம் எத்தன எலக்கம்ங்கறதுலயும் ஒனக்குப் பெரும. மீட்டரு 7.38 காட்டுது, மூணு தடவ பாத்து சராசரி போட்டா 7.383333னு ரிப்போர்ட்டுல வருது. அந்த மூணுங்கள்லாம் எந்தக் குளத்துலேருந்து வந்துச்சு? நெல்லுக் கொள்முதல்ல மூட்டை 40.216483 கிலோன்னு ஒருத்தன் எழுதினா நீ என்ன சொல்லுவ? தராசுக்கே தெரியாதத கணக்குப்புள்ள எப்பிடிக் கண்டான்னு கேக்க மாட்ட?

இந்தத் தராசுலயே இன்னொண்ணும் இருக்கு, காது குடுத்துக் கேளு. நெல்லு மூட்ட நிறுக்கிற தராசுல ஒரு சிட்டிகை உப்பப் போடு. சைபர் காட்டும். அதனால உப்பே இல்லன்னு ஆயிடுமா? நாக்குல வச்சுப் பாரு. அப்பிடித் தான் ஒன் மிஷினும். ஈயமோ ஆர்சனிக்கோ அதோட பார்வைக்கு எட்டலன்னா, ‘எங்க மிஷினு இவ்வளவுக்குக் கீழ பாக்காது, அதுக்குள்ள இருக்கு’ன்னு எழுதணும். சோம்பேறி 0ன்னு எழுதுவான். அவன விடக் கொஞ்சம் படிச்சவன் கட்டத்தக் காலியா விட்டுடுவான். 0 வேற, தெரியலங்கறது வேற, அளக்கவே இல்லங்கறது வேற. மூணுக்கும் மூணு குறி போடு. பின்னால வர்றவன் சராசரி போட்டா ஒன்னால ஏமாறக் கூடாது பாரு.

அளவு பேரும் அப்பிடித் தான். மில்லியா மைக்ரோவா? ஆர்சனிக்குக்குக் குடிதண்ணியில இந்திய எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதுவே 10 மைக்ரோகிராம். மைக்ரோவுல வந்த 10ஐ மில்லிக் கட்டத்துல போட்டா ஆயிரம் மடங்கு. ஊரே கலெக்டர் ஆபீசுக்குப் போயிடும். சென்னை ஐ.ஐ.டி.காரங்க காவேரித் தண்ணியில மருந்து மாத்திரையெல்லாம் கலந்திருக்குன்னு 2021ல சொன்னாங்கள்ல? ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அட்டெனலால், சிப்ரோஃப்ளாக்சசின், காப்பியில இருக்கிற கஃபீன் வரைக்கும். அட்டெனலால் நான் முழுங்குற பிரஷர் மாத்திரையாச்சே! ரெண்டு மடக்கு ஆத்துத்தண்ணி குடிச்சா மாத்திரைச் செலவு மிச்சமாகுமான்னு லேபுல ஒரு தம்பியக் கேட்டேன். சிரிச்சான். நானோகிராம் தாத்தா, ஒரு மாத்திரைக்கு ஆறே வத்திப்போகும்னான். ஆனா மீனுக்கும் கிருமிக்கும் அந்தத் துளியே கணக்குத் தான்னும் சொன்னான். பாத்தியா, அவனுக்கு அளவு தெரியும். அதனால பயமும் காட்டல, மூடியும் மறைக்கல.

அளவு தெரியாதவன்கிட்ட ஆடுற ஆட்டத்த வீட்டுக்கு வீடு பாக்கலாம். டை கட்டின ஒரு பையன் வருவான், சுத்திகரிப்பு மிஷின் விக்க. ஒரு டம்ளர்ல நம்ம பைப்புத் தண்ணி, ஒரு டம்ளர்ல அவன் மிஷின் தண்ணி. ரெண்டுலயும் கம்பியச் சொருகிக் கரண்டு விடுவான். நம்ம தண்ணி காவிக்கலராகி, கீழ சகதியாத் தங்கும். வீட்டுப் பொம்பளைங்க ‘அய்யோ, இதையா இத்தன நாளு குடிச்சோம்’னு நெஞ்சப் புடிச்சுக்கும். தம்பி, அந்தச் சகதி தண்ணியில இல்ல, கம்பியில! உப்பு இருக்கிற தண்ணியில கரண்டு நல்லா ஓடும், இரும்பு கரையும், துரு வரும். அவன் தண்ணியில உப்பு ரொம்பக் கம்மி, கரண்டு சரியா ஓடாது, அவ்வளவு தான். அடுத்தாப்புல பேனாவாட்டம் ஒண்ண முக்கி, ‘டி.டி.எஸ். 480, ஆபத்து!’ம்பான். அந்தப் பேனா உப்ப எடை போடல, மின்சாரம் ஓடுறதப் பாத்துப் பெருக்கிச் சொல்லுது. இந்தியத் தரத்துல 500 வரைக்கும் தாராளம், வேற தண்ணி கெடைக்காத எடத்துல 2000 வரைக்கும் ஒத்துக்கறான். ஆனா சாணிக்குழிப் பக்கத்துக் கெணத்துல நைட்ரேட்டு 45ஐத் தாண்டுனா, அதுக்கு எந்தச் சலுகையும் இல்ல. பேனாக்காரன் அதப் பத்தி வாயத் தெறந்தானா? நீ கெமிஸ்டு தான? ஒங்க அம்மா அந்த மிஷின வாங்கினப்ப எங்க போயிருந்த?

வெள்ளக்காரன் செஞ்சதெல்லாம் வேதம்னு நெனைக்கிற பய நெறைய. பி.ஓ.டி. பரிசோதனை இருக்கே, கழிவு எவ்வளவு காத்தத் தின்னுதுன்னு பாக்கறது. இங்கிலாந்துல 1912ல சாக்கடைக் கமிஷன் ஒண்ணு அஞ்சு நாள் கணக்கு வச்சுது. அவங்க ஊரு ஆறு எதுவும் கடலுக்குப் போக அஞ்சு நாளுக்கு மேல எடுத்துக்காது, அதான் அஞ்சுன்னு காரணம் சொல்லுவாங்க. அப்பறம் அது 20 டிகிரின்னு நெலச்சுப் போச்சு. மார்கழி விடியக்காலத்தத் தவிர நம்மூர்ல 20 டிகிரிய எங்க பாத்த? நம்ம ஆளுங்க யோசிச்சு 27 டிகிரியில மூணு நாளுன்னு மாத்திக்கிட்டாங்க. சூட்டுல கிருமிக்குப் பசி ஜாஸ்தி, அஞ்சு நாள் சாப்பாட்ட மூணு நாள்ல முடிச்சுடும். இது புத்தி. நீ என்னடான்னா மிஷின் டயலு எங்க நிக்குதுன்னு பாக்காம, வெள்ளக்காரன் நம்பரையும் நம்ம நம்பரையும் ஒரே பத்தியில போட்டு ‘ஏறிடுச்சு, எறங்கிடுச்சு’ன்னு கோடு இழுக்கிற.

ஐப்பசியில துலா முழுக்குக்கு மாயவரம் போறவ ஒன்ன ஒரே ஒரு கேள்வி தான் கேப்பா: ‘குளிக்கலாமாப்பா?’ அவகிட்டப் போயி ‘பி.ஓ.டி. 4.2 மில்லிகிராம் பெர் லிட்டர்’ம்ப. அவளுக்கு என்ன புரியும்? குளிக்கிற தண்ணிக்கு அது 3க்குள்ள இருக்கணும், ஆக்சிஜன் 5க்குக் கொறையக் கூடாதுன்னு சர்க்காரு வச்சிருக்கு. அப்ப, ‘இன்னைக்கி இந்தப் படித்துறையில வேணாம் ஆத்தா, மேல போயிக் குளி’ன்னு சொல்லு. முப்பது பக்க ரிப்போர்ட்டு அடிச்சு பைண்டு பண்ணி அலமாரியில வைக்கிறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?

இப்பக் கொஞ்சம் சிரிப்ப நிறுத்திக்கறேன். 2017 ஜூன் 30. கதிராமங்கலத்துல ஓ.என்.ஜி.சி. குழாய் கசிஞ்சு வயல்ல கச்சா எண்ணெய் வந்துச்சு. ஊரு ரோட்டுல உக்காந்துச்சு, போலீசு வந்துச்சு, ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்க. தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஊரு சொல்லுது. ஆபத்தில்லன்னு எதிர்ப் பக்கம் சொல்லுது. இந்த மாதிரி நேரத்துல ஒன்ன மாதிரி ஆளு பாட்டிலத் தூக்கிக்கிட்டுப் போயி அன்னைக்கித் தண்ணிய அளந்தா மட்டும் போதுமா? ‘இது இப்பிடி ஆனது இப்பவா, எப்பவுமே இப்பிடித் தானா?’ன்னு ஒருத்தன் கேப்பான். அந்தக் கேள்விக்குப் பதிலு அன்னைக்கி எடுத்த பாட்டில்ல இல்ல. அஞ்சு வருசம் முன்னால, ஒரு சண்டையும் இல்லாத செவ்வாக்கெழமையில, எவனோ ஒரு ஜூனியர் பய சலிச்சுக்கிட்டே அதே கெணத்துல எடுத்து, ஒழுங்கா லேபிள் ஒட்டி, ஒழுங்கா எழுதி வச்ச நம்பர்ல தான் இருக்கு. அந்த நம்பரு இருந்தா ஊரும் பொய் சொல்ல முடியாது, கம்பெனியும் பொய் சொல்ல முடியாது. இல்லன்னா யாரு சத்தமாக் கத்துறானோ அவன் சொல்றது தான். 2020 பிப்ரவரியில டெல்டாவ வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க, சந்தோசம். சட்டம் இருந்தாலும் கோர்ட்டுல கேக்கறது பழைய நம்பரத் தான்.

அதனால, ‘ஒண்ணுமே மாறல தாத்தா, மாசா மாசம் அதே 7.4, போரடிக்குது’ன்னு என்கிட்ட வந்து அழாத. மாறலங்கறதும் சேதி தான்.

வெறுந்தண்ணிக் கதையும் ஞாபகம் வருது. லேபுல காய்ச்சி வடிச்ச தண்ணிய ஒரு பாட்டில்ல ஊத்தி, ஆறு வரைக்கும் தூக்கிட்டுப் போயி, மூடியத் தெறந்து மூடி, திரும்பக் கொண்டாந்து டெஸ்ட் பண்ணுவீங்க. மொத தடவ பாத்தப்ப எனக்குப் பைத்தியம்னு தான் தோணுச்சு. அப்பறம் தான் அதுல இருக்கிற சாமர்த்தியம் தெரிஞ்சுது. அந்த வெறுந்தண்ணியில துத்தநாகம் வந்தா, ஆத்துமேல பழி போட முடியாது. ஒன் கையி, ஒன் மூடி, ஒன் பெட்டி. ஆத்தக் குத்தவாளிக் கூண்டுல ஏத்துறதுக்கு முன்னாடி தன் கையச் சோதன பண்ணிக்கிற தொழிலு, வேற எங்க இருக்கு சொல்லு? அதையும் செலவு மிச்சம்னு நிறுத்தச் சொல்ற மொதலாளி உண்டு.

மொதலாளின்னதும் சொல்லிடுறேன். என்னைக்காவது ஒரு நாளு ஒருத்தர் வந்து தோள்ல கையப் போடுவாரு. ‘பார்ட்டி நல்ல பார்ட்டி தம்பி. இந்த 110 மட்டும் கொஞ்சம் இடிக்குது. எல்லை 100. ரீடிங்குல லேசாத் தப்பு வந்திருக்கலாம்ல?’ம்பாரு. வந்திருக்கலாம். மறுபடி அளந்து பாரு, மிச்சம் வச்ச சாம்பிள் எதுக்கு இருக்கு? மறுபடியும் 110 வந்தா? எங்க ரெஜிஸ்டர்ல ஒரு சட்டம். ரப்பரு கெடையாது, வெள்ள மையும் கெடையாது. தப்புன்னா பழசு தெரியுற மாதிரி ஒத்தக் கோடு அடி, மேல புதுசா எழுது, பக்கத்துல சுருக்கொப்பமும் தேதியும் போடு, ஏன்னு ஒரு வார்த்த எழுது. உங்க லேபுகளுக்குத் தரச் சான்று குடுக்கிற 17025ங்கற விதியும் கிட்டத்தட்ட இதையே தான் இங்கிலீஷ்ல சொல்லுதாம். அவருகிட்ட நோட்ட நீட்டு. ‘நீங்களே கோடு அடிச்சுக் காரணம் எழுதி ஒப்பம் போடுங்க சார்’னு மரியாதையாச் சொல்லு. எத்தன பேரு போடுறாங்கன்னு பாரு. ஒருத்தர் கூடப் பேனாவ எடுக்க மாட்டாரு.

வேலை போயிடுமோன்னு பயமா? போனாலும் போகும். வேற லேபு இல்லியா? ஒன் கையெழுத்துப் போட்ட பொய் ரிப்போர்ட்டு கோர்ட்டுக்கு வந்து நின்னா, அன்னைக்கி அவரு தோள்ல கை போட வர மாட்டாரு.

இப்ப ஊருல அஞ்சஞ்சு பொம்பளைங்களுக்குத் தண்ணிப் பெட்டி குடுத்துச் சொல்லித் தராங்க, ஜல் ஜீவன் திட்டத்துல. சொட்டு விட்டுக் கலர அட்டையோட ஒப்பிட்டுப் பாக்குதுங்க. பட்டம் கெடையாது, கோட்டு கெடையாது. ஆனா எந்தப் பம்புத் தண்ணியில பருப்பு வேகாது, எதுல சோப்பு நொரைக்காதுன்னு அதுங்களுக்கு மனப்பாடம். சாம்பிள் எடுக்கப் போற ஊருல மொதல்ல அவங்கக்கிட்டப் போயி உக்காரு. ஒரு டம்ளரு மோரு குடுப்பாங்க, கூடவே எந்தப் பம்ப அளக்கணும்னும் சொல்லுவாங்க. நீ பாட்டுக்கு வரைபடத்துல சீரா பத்து புள்ளி வச்சுக்கிட்டுப் போயி, எவனும் குடிக்காத பம்புத் தண்ணிய அளந்துட்டு வராத.

சரி, நாழியாச்சு. நாளைக்குக் கல்லணையிலேருந்து கும்மோணம் வரைக்கும் எடுக்கப் போறேன்னியே? லேபிள இன்னைக்கி ராத்திரியே எழுது, பாட்டில் ஈரமாகறதுக்கு முன்னாடியே ஒட்டு. தண்ணி பட்டா கரையாத பேனாவா பாத்து எடு. கரையோரம் குப்பை தேங்குற எடத்துல அமுக்காத, ஓடுற தண்ணியில எடு, அதே தண்ணியால மூணு தடவ பாட்டில அலசு. கிருமி பாக்கற பாட்டில மட்டும் அலசாத, அது கிருமி நீக்குனது. ஆக்சிஜன் பாட்டில்ல மருந்த அங்கயே ஊத்தணும், வீட்டுக்கு வந்து ஊத்துனா அது வேற தண்ணி. ஐஸு ரெண்டு கட்டி கூட வாங்கிக்க, அய்யம்பேட்ட தாண்டுறதுக்குள்ள பாதி உருகிடும். போட்டோ எடுக்கணும்னா வேலைய முடிச்சுட்டு எடு. அந்த வெள்ளக்கோட்ட வீட்டுல கழட்டி வச்சுட்டுப் போ, தண்ணிக்குள்ள எறங்குறப்ப காலத் தடுக்கும்.